இருபது பிரசவங்கள்

மார்ச் 3, ஞாயிறு. பிரெஸ்னோ

பஃபலோவிலிருந்து வந்த பெட்டிகளில் கடைசி நான்கை இன்று பிரித்தேன். எல்லாம் பனிக்காலக் கோட்டுகள். இந்த ஊரில் அவற்றுக்கு வேலை இல்லை. சுகிர்தா கராஜிலேயே வைக்கச் சொல்லிவிட்டாள். அவளுக்கு நிலத்தடி நீர்த் துறையில் வேலை கிடைத்ததால்தான் இங்கே வந்தோம். நாளெல்லாம் கிணறு கிணறாகப் போய்த் தண்ணீர் எடுத்துச் சோதிக்கிறாள். ஜாய்லினை ஐந்தாம் வகுப்பில் சேர்த்தாயிற்று. இனி நான்தான்.

ஒன்பது வருடம் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் நியூயார்க் லைசென்ஸை வைத்துக்கொண்டு கலிபோர்னியாவில் ஒரு ஊசி போட முடியாது. இந்த மாநிலத்து நர்சிங் போர்டு தனியாக லைசென்ஸ் தரவேண்டும். இங்குள்ள ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஜூன் முடிவதற்குள் லைசென்ஸ் வந்தால்.

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு இன்னொரு ஃபாரம் இருக்கிறது. எந்தப் பாடத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டு என்று படித்த காலேஜ்தான் நிரப்பி நேராக போர்டுக்கு அனுப்பவேண்டும். மருத்துவம், அறுவை, குழந்தைகள், மனநலம், மகப்பேறு.

சின்ன வேலை. ஒரு போனில் முடிந்துவிடும். ஃபாரத்தை காலேஜுக்கு ஈமெயிலில் அனுப்பினேன்.

மார்ச் 5, செவ்வாய்

சாப்பாடு முடிந்ததும் காலேஜுக்குப் போன் செய்தேன். அங்கே காலை. ஆபீஸ் கிளார்க் எடுத்தார்.

“வெளிநாட்டு ஃபாரம்லாம் வைஸ் பிரின்சிபால் மேடம்தான் பாக்காங்க சார். லைனைக் குடுக்கவா?”

“மேடம் பேரு?”

“பேச்சியம்மாள் மேடம்.”

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். துணிகளை மடித்தேன். ஜாய்லினின் ஒரு காலுறைக்கு ஜோடி கிடைக்கவில்லை.

மார்ச் 6, புதன்

போன் செய்யவில்லை.

மார்ச் 9, சனி

சுகிர்தாவின் அலுவலக நண்பர் வீட்டில் விருந்து. மதுரைக்காரர்கள். சாப்பிட்டு முடித்ததும் சுகிர்தா, “அந்தப் பிரசவக் கதையச் சொல்லுங்களேன்” என்றாள். நான் எல்லா ஊரிலும் சொல்லிச் சிரிக்க வைத்த கதை.

நர்சிங் படிக்கும்போது இருபது பிரசவம் பார்த்து ரெக்கார்டு எழுதவேண்டும். எங்களை அனுப்பிய ஆஸ்பத்திரியில் ஆண் மாணவர்களைப் பிரசவ வார்டுக்குள் விடமாட்டார்கள். “ஆம்பளப் பயலுக்கு இங்க என்னல வேல?” என்று சிஸ்டர் வாசலிலேயே விரட்டிவிடுவார். நாங்கள் நாலு பேர் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்போம். உள்ளே போய் வரும் பெண்கள் தங்கள் ரெக்கார்டைத் தருவார்கள், நாங்கள் பார்த்து எழுதுவோம். அப்படியாக, ஒரு பிள்ளையின் அழுகையைக்கூடக் கேட்காமல் இருபது பிரசவம் பார்த்தவன் நான்.

எல்லோரும் சிரித்தார்கள். மதுரைக்காரரின் மனைவி மட்டும், “உங்களுக்கு நோட்டுக் குடுத்த பொண்ணு இப்ப எங்க இருக்காங்க?” என்று கேட்டார்.

தெரியவில்லை என்றேன்.

மார்ச் 12, செவ்வாய்

பேச்சியம்மாளைப் பற்றி: சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். அப்பா பம்பு செட் மெக்கானிக். அந்த ஊரிலிருந்து நர்சிங் படிக்க வந்த முதல் பெண். வகுப்பில் அவளைப் போல எழுத்து யாருக்கும் கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் ரெக்கார்டு கொடுப்பாள். கடைசி வருடப் பிராக்டிகல் பரீட்சைக்கு முன்னால் அவளுடைய மகப்பேறு ரெக்கார்டு காணாமல் போய்விட்டது. ரெக்கார்டு இல்லாமல் பரீட்சைக்குள் விடவில்லை. ஆறு மாதம் தள்ளி எழுதினாள். எங்களோடு டெல்லி ஆஸ்பத்திரிக்குத் தேர்வாகியிருந்தாள். அதுவும் போயிற்று.

பெரிய விஷயமாக ஆகியிருக்கவேண்டியதில்லை. இப்போது வைஸ் பிரின்சிபாலாகத்தானே இருக்கிறாள்.

மார்ச் 18, திங்கள்

பேசிவிட்டேன்.

“மேடம், நான் ஜெபநேசன். தொண்ணூத்தொம்பது பேட்ச்.”

“தெரியும். ஃபாரம் மேசையில இருக்கு.” குரல் மாறவே இல்லை. கொஞ்சம் கனத்திருக்கிறது, அவ்வளவுதான்.

“கொஞ்சம் சீக்கிரமா அனுப்பினா…”

“மத்த பாடமெல்லாம் எழுதிட்டேன். ஒரு கட்டந்தான் பாக்கி.”

“எது மேடம்?”

“மேடம்லாம் வேண்டாம். பிரசவ வார்டுல நீ எத்தனை மணி நேரம் நின்னன்னு எழுதணும். சிலபஸ்ல இருக்கத எழுதவா, நடந்தத எழுதவா?”

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“சிலபஸ்ல இருக்கத எழுதுனா எவனும் கேக்கப் போறதில்ல நேசா. ஒரு கையெழுத்துதான். ஆனா உன் விஷயத்துல நானா எழுத மாட்டேன். எதை எழுதணும்னு நீ உன் வாயால சொல்லு. வெள்ளிக்கிழமை வரைக்கும் வச்சிருக்கேன்.”

சரி என்றேன். வைக்கப் போகும்போது அவள் இன்னொன்றும் சொன்னாள். “ஸ்டோர் ரூம்ல உன் மகப்பேறு ரெக்கார்டு கிடந்துச்சு. வெள்ளையடிக்கும்போது எடுத்தாங்க. நான் பாத்துட்டேன்.”

மார்ச் 19, செவ்வாய்

சுகிர்தா கேட்டுக்கொண்டே இருந்ததால் சொன்னேன். பேச்சி எனக்குத் தந்த ரெக்கார்டை நான் நாகர்கோவில் பஸ்ஸில் தவறவிட்டுவிட்டேன், பயத்தில் அவளிடம் சொல்லவில்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு இப்போது ஃபாரத்தைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்றேன்.

சுகிர்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “இருவது வருசத்துக்கு முன்னால பஸ்ல விட்ட நோட்டுக்கா? அந்தம்மாவுக்கு இவ்வளவு வன்மமா? படிச்சவங்கதானே?” எனக்காக ஒரு கப் டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். “நீங்க வேணும்னா செஞ்சீங்க? சிலபஸ்ல உள்ளதையே எழுதச் சொல்லுங்க. மனசாட்சி பாக்க வேண்டியது நீங்க இல்ல.”

டீ நன்றாக இருந்தது. குடித்தேன்.

மார்ச் 21, வியாழன்

காலை பத்து மணி. வீட்டில் யாரும் இல்லை. இதை எழுதிப் பார்க்கவேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பஸ்ஸில் எதுவும் போகவில்லை.

இருபது கேஸையும் நான் பார்த்து எழுதி முடித்திருந்தேன். ஒவ்வொரு கேஸுக்குக் கீழும் வாத்தியாரம்மா கையெழுத்துப் போடவேண்டும். வழக்கமாகப் போடுகிறவர் லீவில் போய்விட்டார். புதிதாக வந்தவர் என் ரெக்கார்டைப் புரட்டிவிட்டு, “நீ பாக்காத பிரசவத்துக்கு நான் எப்படிப்பா கையெழுத்துப் போட முடியும்?” என்று திருப்பித் தந்தார். மற்ற மூன்று பையன்களும் முதலிலேயே வாங்கிவிட்டார்கள். நான்தான் பிந்திவிட்டேன். பரீட்சைக்கு மூன்று நாள் இருந்தது.

பேச்சியின் ரெக்கார்டு அப்போதும் என்னிடம்தான் இருந்தது. இருபது கேஸிலும் கையெழுத்து இருந்தது. பெயர் முதல் பக்கத்தில் மட்டும்தான். அதைக் கிழித்தேன். என் ரெக்கார்டின் முதல் பக்கத்தை எடுத்து அங்கே ஒட்டினேன். ஹாஸ்டல் மெஸ்ஸில் சோற்றுப் பருக்கை வாங்கி ஒட்டினேன், கோந்து தீர்ந்திருந்தது. நீல அட்டையை மாற்றவில்லை, எல்லோருக்கும் ஒரே அட்டைதான்.

அவள் கேட்டபோது, உன் கட்டிலில் வைக்கச் சொல்லி ஜூனியர் பிள்ளையிடம் அன்றைக்கே கொடுத்துவிட்டேனே என்றேன். எந்தப் பிள்ளை என்று கேட்டாள். முகம் ஞாபகமில்லை என்றேன். இரண்டு நாள் தேடினாள். நூலகத்தில் அவளோடு சேர்ந்து நானும் தேடினேன். அலமாரிக்குப் பின்னால்கூடக் கையை விட்டுப் பார்த்தேன்.

பரீட்சையன்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அந்த ரெக்கார்டைப் புரட்டிப் பார்த்து, “பையனுக்கு எவ்வளவு அழகான எழுத்து” என்றார். நான் தேங்க்யூ மேடம் என்றேன்.

நியூயார்க்குக்கு விண்ணப்பித்த சமயம் வேறொரு நிறுவனம் சான்றிதழ்களைச் சரிபார்த்துக் கொடுத்தது. அவள் பார்வைக்கு எதுவும் போகவில்லை. அத்தோடு முடிந்தது என்றுதான் இருந்தேன்.

ஒரு மணிக்குச் சோறு வடித்தேன். சாப்பிடவில்லை.

மார்ச் 21, மாலை

சுகிர்தா வந்ததும் சொல்லிவிட்டேன். காலையில் எழுதியதை வாசித்துக் காட்டினேன். நிமிர்ந்து பார்த்துச் சொல்ல வரவில்லை.

அவள் ஷூவைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, “முந்தாநாளு அந்தம்மாவ நான் என்னல்லாம் பேசுனேன். பேச விட்டுட்டு டீயக் குடிச்சீங்க” என்றாள்.

அப்புறம்தான் ஷூவைக் கழற்றினாள்.

மார்ச் 22, வெள்ளி

பேச்சியிடம் சொன்னேன். “நடந்ததை எழுது. வார்டு மணி நேரம் சைபர்.”

“சரி.” பேனா ஓடும் சத்தம் கேட்டது. அல்லது கேட்டதாக நினைத்துக்கொண்டேன்.

“பேச்சி, அந்த ரெக்கார்டு…”

“என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? எடுத்த அன்னைக்கே தெரிஞ்சுது. பத்து வருசம் ஆச்சு.”

“ஏன் ஒண்ணும் செய்யல?”

“என்ன செய்யச் சொல்லுத? அமெரிக்காவுக்குப் போன் போட்டு அழவா?” நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. “ஆறு மாசம் போச்சு, டெல்லி போச்சு, அதெல்லாம் சரிக்கட்டிட்டேன். எங்க அய்யா விஷயந்தான். நான் ரெக்கார்டு எழுதவே இல்ல, ஊர் சுத்திட்டுத் தொலைஞ்சு போச்சுன்னு சொல்லுதேன்னுதான் அவரு கடைசிவரைக்கும் நெனச்சாரு. பரீட்சைக்கு ஏன் விடலன்னு கேக்கக் காலேஜுக்கு வந்த அன்னைக்குக் கூடப் படிக்கிற பையன் ஒருத்தன்கிட்ட கேட்டாராம். அவன் தெரியாதுன்னுட்டானாம். கூடப் படிக்கவனுக்கே தெரியலன்னா நீ எங்க எழுதியிருப்பன்னு எங்கிட்ட அந்த ஒரு தடவதான் கேட்டாரு. பெறகு அதப் பத்திப் பேசவே இல்ல. ரெக்கார்டு கெடைக்கதுக்கு ரெண்டு வருசம் முன்னால போயிட்டாரு.”

மன்னிச்சிரு என்றேன். ஃபாரம் திங்கட்கிழமை போய்விடும் என்றாள்.

அந்தப் பையன் யார் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 23, சனி

வெள்ளைச் சட்டை. கையில் செருப்பு. பிரின்சிபால் அறைக்குள் போகும்போது வெளியே கழற்றியதைத் திரும்பி வந்ததும் காலில் போட மறந்து கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நகக்கண்ணில் கிரீஸ். “தம்பி, நீங்க கூடப் படிக்கிற புள்ளதானே? எம்மவ நெசமாவே எழுதுனாளாய்யா?”

நான் தெரியாதுங்க என்றேன்.

மே 17, வெள்ளி

போர்டிலிருந்து கடிதம். மகப்பேறுப் பிரிவில் வார்டுப் பயிற்சி இல்லை, இங்குள்ள கல்லூரி ஒன்றில் அந்தப் பாடத்தை வார்டோடு சேர்த்து முடித்து வரவும். எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் நான்கு தடவை வாசித்தேன்.

மருத்துவமனைக்குத் தகவல் சொன்னேன். நர்ஸ் மேனேஜர் மரியாதையாகவே பேசினார். ஜூனுக்கு மேல் இடத்தைக் காலியாக வைக்க முடியாது என்றார்.

சுகிர்தா இப்போது பேசுகிறாள். பால் இருக்கிறதா, ஜாய்லினைப் பள்ளியிலிருந்து யார் கூப்பிட்டு வருவது, இவ்வளவுதான். பிரசவக் கதையை இனி எங்கேயும் சொல்லச் சொல்லமாட்டாள்.

ஜூன் 24, திங்கள்

முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளாகச் சேர்ந்திருக்கிறேன். குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, ஊட்டுவது. மாத்திரையைத் தொடக்கூடாது. இன்று ஒரு பெரியவருக்கு மூச்சு வாங்கியது. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று பார்த்ததும் தெரிந்தது. நர்ஸைக் கூப்பிட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னப் பெண். சரியாகத்தான் செய்தாள்.

ஜூலை 30, செவ்வாய்

பள்ளிக்கூடப் படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் ஜாய்லின் நர்ஸ் என்று எழுதிவிட்டு, “இப்பவும் அப்படித்தானப்பா போடணும்?” என்றாள். நான் பதில் சொல்வதற்குள் சுகிர்தா, “போடும்மா” என்றாள்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஆனாலும் சொன்னாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

கம்யூனிட்டி காலேஜ் வகுப்பு தொடங்கியது. இருபத்திரண்டு பேர். எனக்கு அடுத்த வயதுக்காரருக்கு முப்பத்தொன்று. வகுப்பெடுக்கும் அம்மாள், டயாலிசிஸில் ஒன்பது வருடம் இருந்தவர் இங்கே எப்படி என்று கேட்டார். எல்லோர் முன்னாலும் சொன்னேன், நான் படித்த காலத்தில் பிரசவ வார்டுக்குள் போகவில்லை, போனதாக எழுதிக்கொடுத்தேன் என்று. இன்னொருத்தியின் ரெக்கார்டு என்பதைச் சொல்லவில்லை. அந்தப் பாதியை அங்கே சொல்ல முடியவில்லை.

செப்டம்பர் 26, வியாழன்

இன்று பகல் இரண்டேகாலுக்கு ஒரு பெண் குழந்தை.

தாயின் பெயர் மாரிசோல். திராட்சைத் தோட்ட வேலைக்காரி, இரண்டாம் பிரசவம். ஆண் மாணவர் ஒருவர் நிற்கலாமா என்று கேட்டார்கள். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நிற்கட்டும், கையைச் சும்மா வைத்திருக்கவேண்டாம் என்று ஸ்பானிஷில் சொன்னாளாம். அவள் கை நெரித்ததில் என் மோதிரம் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது.

தலை வெளியே வந்ததும், யாரும் தொடாமலே, பக்கவாட்டில் திரும்பியது. தன் தோளுக்கு நேராகத் தானே வைத்துக்கொண்டது. இதை நான் இருபது தடவை எழுதியிருக்கிறேன். “தலை தானாகத் திரும்பியது.” பேச்சி எழுதியதைப் பார்த்து எழுதினேன். ஒரு சடங்கு வாக்கியம் என்றுதான் நினைத்திருந்தேன். அவள் இருபது தடவையும் நின்று பார்த்திருக்கிறாள். சில கேஸில், “மெதுவாகத் திரும்பியது” என்று இருக்கும். ஒன்றில், “சற்றுத் தயங்கித் திரும்பியது.” எழுத்து மிச்சம் என்று அந்த வார்த்தைகளையெல்லாம் நான் விட்டுவிட்டு எழுதினேன்.

வண்டி நிறுத்துமிடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த ஊர் வெயில் ஐந்து மணிக்கும் குறைவதில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

வகுப்பு முடிந்தது. தேறிவிட்டேன். கல்லூரி நேராக போர்டுக்கு அனுப்பிவிடும்.

ஜனவரி 28, செவ்வாய்

லைசென்ஸ் எண் போர்டின் இணையப் பக்கத்தில் வந்துவிட்டது. சுகிர்தா அலுவலகத்திலிருந்தே பார்த்துப் போனில் சொன்னாள். குரலில் பழைய சத்தம் கொஞ்சம் இருந்தது. வரும்போது கோழி வாங்கி வந்தாள்.

பேச்சிக்கு வாட்ஸப்பில் நன்றி என்று எழுதினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

“நல்லது. அந்த ரெக்கார்டைப் போன வாரம் அம்மாவிடம் காட்டினேன். வாசிக்கத் தெரியாது, தடவிப் பார்த்தார்கள். அய்யாவிடம் தெரியாது என்று சொன்ன பையன் யார் என்று உன்னிடம் கேட்கச் சொல்கிறார்கள். உங்கள் நாலு பேரில் ஒருவன்தானே. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்போம்.”

ஜனவரி 29, புதன்

பதில் எழுதவில்லை.

ஜனவரி 30, வியாழன்

எழுதவில்லை. முதியோர் இல்லத்தில் வேலையிலிருந்து நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 31, வெள்ளி

சுகிர்தாவிடம் அந்தச் செய்தியைக் காட்டினேன். யார் அந்தப் பையன் என்று கேட்டாள். சொன்னேன். போனை என் கையில் திருப்பித் தந்தாள். “இத நான் என்ன சொல்ல? அங்க சொல்லுங்க” என்றாள்.

பிப்ரவரி 1, சனி

மாலை ஏழு மணிக்கு அழைத்தேன். அங்கே ஞாயிறு காலை. பேச்சி எடுத்தாள்.

“அம்மா கொல்லையில இருக்காங்க. நீ எங்கிட்டயே சொல்லு.”

“அவங்ககிட்டயே சொல்லுதேன்.”

அவள் நடந்து போவது கேட்டது. கதவு. கோழிகள். ஸ்பீக்கரில் போட்டிருக்கேன், சத்தமாகப் பேசு என்றாள்.

“அம்மா, நான் ஜெபநேசன். பேச்சியோட ரெக்கார்டை எடுத்தது நான்தான்.”

“அத பேச்சி சொல்லிட்டா.” வயதான குரல், ஆனால் நடுங்கவில்லை. “அது கெடக்கு. அவுககிட்ட தெரியாதுன்னு சொன்னது யாருய்யா? அந்தப் பையனுக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம்லா. அதத்தான் கேக்கேன். தெரியாமச் சொன்னானா, தெரிஞ்சு சொன்னானா?”

“அதுவும் நான்தாம்மா. தெரிஞ்சுதான் சொன்னேன்.”

பேச்சி ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். அவளுக்கு இது தெரிந்திருக்கவில்லை. பத்து மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

“நீதானா” என்றார் அந்த அம்மாள். “சூடத்துமேல கையடிச்சுச் சத்தியம் பண்ணுனா எம்மவ. அவுக நம்பல. நான் அவுக பக்கம் நின்னேன்” என்றார். “அவுக இருக்கும்போது சொல்லியிருக்கலாம்யா.”

ஆமாம்மா என்றேன். அவர் எழுந்து போய்விட்டார் போல. தவிட்டுச் சட்டியைத் தட்டும் சத்தமும், கோழிகளைக் கூப்பிடும் அவருடைய குரலும் தூரத்தில் கேட்டன. நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

பிறகு பேச்சியின் குரல் பக்கத்தில் வந்தது.

“இன்னும் இருக்கியா?”

“இருக்கேன்.”

“அம்மா உள்ள போயிட்டாங்க,” என்றாள். “வச்சிரு.”